நான்கு இருபத்திரண்டு

காலையில் சீக்கிரம் எழுந்துகொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை, பிரபாவதி. போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கேளம்பாக்கத்திலிருந்து பஸ் மாறி செங்கல்பட்டு வந்து, எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து உங்கள் இணைய இதழுக்குப் பேட்டி எடுத்தீர்கள். பதினான்கு கேள்விகள். பதின்மூன்றுக்கு அங்கேயே பதில் சொன்னேன். ஒன்றை மட்டும் எழுதி அனுப்புகிறேன் என்று வைத்துக்கொண்டேன். குழந்தை, வீடு, வேலை இத்தனைக்கும் நடுவில் எழுத நேரம் எப்படிக் கிடைக்கிறது என்பது அந்தக் கேள்வி.

விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, ஊர் அடங்கியிருக்கும்போது எழுதுகிறேன் என்று மற்றவர்கள் சொல்வதை நானும் சொல்லியிருக்கலாம். நீங்களும் அதைப் பெரிய எழுத்தில் போட்டு என் படத்தைப் பக்கத்தில் வைத்திருப்பீர்கள். ஆனால் எழுதுகிற பெண்களுக்கு இந்த மாதிரிப் பொய்களால் ஒரு பிரயோஜனமும் இல்லை. உண்மையில் எப்படிச் சமாளித்தேன் என்று ஒருத்தியாவது சொன்னால்தான் இன்னொருத்திக்கு வழி பிறக்கும். சுவரில் இருந்த படத்தைப் பார்த்து, "பாப்பா ஸ்கூலுக்கா?" என்று கேட்டீர்கள். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அத்தை வீட்டில் இருக்கிறாள் என்றேன். நீங்கள் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டீர்கள். அங்கேதான் நின்றிருக்க வேண்டும்.

என் மகள் யோகிதா 2017 செப்டம்பரில் பிறந்தாள். கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில், விடியற்காலை நான்கு ஐம்பத்திரண்டுக்கு. என் கணவர் பெயர் அரசு. தொழிற்சாலையில் இரவு ஷிப்டு முடித்து, ஏழு மணிக்குத்தான் வந்து சேர்ந்தார். கடிகாரம் பார்த்துச் சீட்டில் எழுதியவர் நர்ஸ் ஒருவர்தான். இந்த விவரம் பின்னால் தேவைப்படும்.

நான் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம், ஜெரோம் அண்ணனின் ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டரில் உட்காருகிறேன். கலெக்டர் ஆபீசுக்குப் போகிறவர்களுக்கு மனு அடித்துத் தருவேன். கல்யாணப் பத்திரிகை, பயோடேட்டா, லேமினேஷன். கூடவே கம்ப்யூட்டர் ஜாதகம். பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் தட்டினால் பதினாறு பக்கம் வந்து விழும். ஒரு நாளைக்கு நான்கைந்து ஜாதகம் அடிப்பேன். எனக்கு அதில் துளி நம்பிக்கை கிடையாது. ஆனால் எந்த நிமிஷத்தில் எந்தப் பாதம் மாறும் என்பது விரல் நுனியில் இருக்கும்.

குழந்தை பிறப்பதற்கு முன்னால் ஆறு கதைகள் பிரசுரமாகியிருந்தன. பிறந்த பிறகு இரண்டரை வருஷத்தில் ஒன்றும் இல்லை. யாரையும் குறை சொல்ல மாட்டேன். அரசு தங்கமான மனிதர். "எழுதேன் ரேணு, யாரு வேணான்னா?" என்பார். சொல்லிவிட்டு, "என் பனியன் எங்க கீது?" என்பார். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் குழந்தையைக் கொளவாய் ஏரிக்கரைக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லிக் கிளம்புவார். இருபது நிமிஷத்தில் திரும்பி வந்து, "உன்னியே கேட்டுகினு கீது, இன்னா பண்றது?" என்று மடியில் போடுவார்.

ஒருநாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஒரு வாக்கியம் வந்தது. ஒரு நாவலின் முதல் வாக்கியம். கையைத் துடைத்துக்கொண்டு திரும்புவதற்குள் யோகிதா "அம்மா" என்று கூப்பிட்டாள். அவளுக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. சும்மா கூப்பிட்டாள். வாக்கியம் போய்விட்டது. அது என்ன என்று இன்று வரைக்கும் எனக்கு ஞாபகம் வரவில்லை. அன்றைக்கு அவளை நான் அடிக்கவில்லை, ஒரு சொல் அதட்டவில்லை. நான் என் குழந்தையைக் கைநீட்டி அடித்ததே கிடையாது. அக்கம்பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

ஜாதக விஷயத்துக்கு வருகிறேன். அவளுக்குக் காது குத்துவதற்கு முன்னால் ஜாதகம் வேண்டும் என்றார்கள். நானே அடித்தேன். நான்கு ஐம்பத்திரண்டு. மூல நட்சத்திரம், இரண்டாம் பாதம். அதை எடுத்துக்கொண்டு நாங்களும் என் நாத்தனார் தனக்கோடியும் சிங்கப்பெருமாள் கோயிலில் கோதண்டராமன் ஜோசியரிடம் போனோம். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "மூலம் ரெண்டாம் பாதம். தாய்க்கு ஆகாது. உயிருக்கே கொஞ்சம் கண்டம்தான்" என்றார்.

"அம்மாக்குத்தான?" என்றார் தனக்கோடி அண்ணி. "சனிக்கெளம ஒரு வெளக்கு போட்டா சரியாப் பூடும். வா ரேணு, நாஸ்தா துண்ணுட்டு பஸ் ஏறலாம்."

ஜோசியரும் விளக்குப் போதும் என்று சொல்லிவிட்டார். அரசு எனக்கு ஒரு மசால் தோசை வாங்கித் தந்தார். எனக்குக் கோபம் வரவில்லை. நான்தான் ஜாதகத்தை நம்புகிறவள் அல்லவே. ஒரு தகவலாக மட்டும் மனசில் போட்டு வைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் ஓடியது. 2020 ஜனவரியில் ஒரு பதிப்பகம் நாவல் போட்டி அறிவித்தது. அந்த வாரம் ஒரு மத்தியானம் கடையில் கரண்ட் போய் வந்தது. கம்ப்யூட்டர் திரும்ப உயிர் பெற்றபோது ஜாதக சாப்ட்வேரில் பழைய பெயர்ப் பட்டியல் திறந்திருந்தது. அதில் யோகிதாவின் பெயர் இருந்தது. சும்மா பார்ப்போம் என்று ஐம்பத்திரண்டில் இருந்த ஐந்தை இரண்டாக்கினேன். நான்கு இருபத்திரண்டு. அதே மூலம், ஆனால் முதல் பாதம். பலன் பக்கத்தில் 'தாய்க்கு' என்று இருந்த இடத்தில் 'தந்தைக்கு' என்று வந்தது. மற்ற பதினைந்து பக்கத்திலும் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை.

ஒரு எண்ணை மாற்றியதற்கு இவ்வளவுதான். நான் அதை அச்செடுத்தேன். பிறகு வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து வந்து, அதே நீல நிறப் பேனாவால் ஐந்தின் வயிற்றை இழுத்து இரண்டாக்கி, லேமினேஷன் போட்டேன். பிளாஸ்டிக்குக்கு அடியில் போய்விட்டால் பேனா வித்தியாசம் தெரியாது. இத்தனை வருஷத்தில் கற்றுக்கொண்ட தொழில்.

"முதல்ல ஞாபகத்துல இருந்த நேரத்தை வெச்சு அடிச்சிட்டேன், சீட்டு இப்பத்தான் கிடைச்சுது" என்று அண்ணியிடம் கொடுத்தேன். பொய் சொன்னேன் என்று சொல்ல முடியாது. டைப் அடிக்கிறவர்களுக்குத் தவறு வருவது சகஜம்.

இந்த முறை கோதண்டராமன் ஜோசியர் கண்ணாடியைத் துடைக்கவில்லை. கழற்றிக் கீழே வைத்துவிட்டார். "இன்னாம்மா, இத்த இல்ல மொதல்ல காட்டியிருக்கணும்?" என்றார். தகப்பனும் பிள்ளையும் எட்டு வயசு முடிகிற வரைக்கும் ஒரே கூரைக்குக் கீழே ராத்தங்கக் கூடாது என்றார். விளக்கைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. ஒரு கிண்ணத்தில் நல்லெண்ணெய் ஊற்றி அரசுவின் முன்னால் வைத்து, குழந்தையை அவர் தோளுக்குப் பின்னால் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். எண்ணெயில் தெரிகிற பிள்ளை முகத்தைத் தகப்பன் பார்க்க வேண்டும், அது தோஷத்தைக் குறைக்கும். அரசு குனிந்து பார்த்தார். கிண்ணத்துக்குள் யோகிதா சிரித்தாள். அவர் அழுதுவிட்டார்.

முதலில் அவரே, "இதெல்லாம் சும்மா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வாரமே தொழிற்சாலையில் மிஷினில் பட்டுச் சுண்டு விரலில் மூன்று தையல் விழுந்தது. அதோடு அந்தப் பேச்சு நின்றது. அண்ணிக்குப் பிள்ளை கிடையாது. மகாபலிபுரத்துக்குத் தெற்கே குப்பத்தில் மீன் வியாபாரம். புருஷன் போய்ப் பத்து வருஷம்.

"என் தம்பிய நான் தூக்கி வளத்தவ. புள்ளைய நானே இட்டுகினு போறேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீயும் வந்துடு ரேணு. ஒங்க ரெண்டு பேருக்கும் சோறு போட மாட்டனா? தாயும் புள்ளையும் ஏன் பிரியணும்?" என்றார்.

அதை நான் எதிர்பார்க்கவில்லை. "ஷிப்டுக்குப் போற மனுஷன் அண்ணி. அவரைத் தனியா விட்டுட்டு எப்படி வர முடியும்?" என்றேன். அண்ணி என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். நானும் அழுதேன். அது நடிப்பு இல்லை. நீங்கள் இதை நம்ப வேண்டும். புருஷனுக்காகப் பெற்ற பிள்ளையைப் பிரிந்தவள் என்று தெருவே பேசியது. பக்கத்து வீட்டு ரெபேக்காள் ஒரு வாரம் குழம்பு கொடுத்தனுப்பினாள்.

பிப்ரவரியில் யோகிதா அத்தையோடு போனாள். மார்ச்சில் ஊரடங்கு வந்தது. ஐந்து மாதம் போக்குவரத்து இல்லை. பலருக்கும் அது சோதனையான காலம். நான் நாவலின் முதல் பிரதியை முடித்தேன்.

கதை உங்களுக்குத் தெரியும், நாவலுக்கு எழுதிய முன்னுரையில் புகழ்ந்திருக்கிறீர்கள். பிள்ளையைப் பிரிந்த ஒரு தாயின் தவிப்பு. இருந்து பார்த்தவளால்தான் இப்படி எழுத முடியும் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரிக்கு நான் உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஊரடங்கு முடிந்தபின், மாதத்தில் இரண்டாவது ஞாயிறு அண்ணி அவளைத் திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ்ஸில் கூட்டி வருவார். காலையில் வந்து, விளக்கு வைப்பதற்கு முன்னால் கிளம்பிவிட வேண்டும். பகலில் உள்ளே இருக்கலாம் என்றுதான் ஜோசியர் சொல்லியிருந்தார். ஆனால் யோகிதாவுக்குப் பகல் மீதும் நம்பிக்கை இல்லை. நான்கு வயதிலேயே கேட்டுக்கு வெளியே நின்று, "நைனா உள்ள கீறாரா?" என்று கேட்பாள். இருக்கிறார் என்றால் வர மாட்டாள். வாசலில் நிழலுக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இறக்கியிருக்கிறோம். அதற்கு அடியில் வந்து உட்காரச் சொன்னேன். மேலே பார்த்தாள். "ஷீட்டுகூட கூரதானம்மா?" என்றாள். வெயிலில், நிழல் விழுகிற கோட்டுக்கு ஒரு சாண் தள்ளி நின்றுகொண்டாள்.

அவளுக்கு யாரும் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளாகவே யோசித்து வைத்திருந்தாள். என் பிள்ளை கெட்டிக்காரி என்பதில் எனக்கு எப்போதும் பெருமை உண்டு.

எண்ணெய்க் கதையை அண்ணி எப்போதோ அவளிடம் சொல்லியிருக்கிறார். ஆறு வயதில் ஒரு ஞாயிறு, சின்ன எவர்சில்வர் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினாள். வாய்க்குப் பிளாஸ்டிக் காகிதம் வைத்து ரப்பர் பேண்டு போட்டிருந்தது. உள்ளே நல்லெண்ணெய். அரசுவைக் கூப்பிட்டு, வாசல் சுவர்மேல் கிண்ணத்தை வைத்து, "இதுல என்னியப் பாரு நைனா, ஒண்ணியும் ஆவாது" என்றாள். அவர் பார்த்தார். அதற்கப்புறம் ஒவ்வொரு முறையும் கொண்டு வந்தாள். வழியெல்லாம் பாவாடையில் எண்ணெய்க் கறை.

நாவலின் கடைசித் திருத்தத்தில் அதைச் சேர்த்தேன். என் கற்பனையின் உச்சம் என்று நீங்கள் சொன்ன இடம் அதுதான்.

2023 டிசம்பர் மழையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு இரண்டாவது ஞாயிறு இல்லை. நாவல் அச்சுக்குப் போகிறது, பிள்ளையைக் காட்டி வாழ்த்து வாங்கலாம் என்று அண்ணி முன்னாலேயே கூட்டி வந்திருந்தார். மத்தியானம் காற்று பிடித்தது. நான்கு மணிக்குப் பஸ் நின்றுவிட்டது. அண்ணி யோசித்து யோசித்து, "இன்னிக்கு ஒரு நாள்தான, சாமி மன்னிச்சிடும்" என்றார். யோகிதா கேட்கவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே, முழங்கால் தண்ணீரில் நின்றாள். இழுத்தால் அலறினாள். "நைனா செத்துடுவாரு, நைனா செத்துடுவாரு" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் ஜன்னலருகே நின்றேன். என்னிடம் நான்கு வார்த்தைகள் இருந்தன. அது பொய். நான்தான் மாற்றினேன். நாக்கு வரைக்கும் வந்தது. பிறகு நிதானமாக யோசித்தேன். சொன்னால் அரசுவின் மனசு என்ன பாடுபடும். அண்ணி நாலு வருஷம் வளர்த்தது எதற்கு என்று ஆகிவிடும். அறுபது வயது ஜோசியரின் பிழைப்பு போகும். இன்னும் ஒரு மாதத்தில் புத்தகம் வரப்போகிறது, 'யோகிதாவுக்கு, தூரத்திலிருந்து' என்ற சமர்ப்பணப் பக்கம் ஏற்கெனவே அச்சாகிவிட்டது. இத்தனை பேரைப் புண்படுத்துகிற உரிமை எனக்கு இல்லை.

அப்போது அரசுதான் ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். "நா போய் கம்பெனில படுத்துக்கறேன். புள்ள உள்ள தூங்கட்டும்" என்றார். யோகிதாவிடம், "நைனா போயிட்டேன், இப்ப வூட்டுக்குள்ள போ கண்ணு" என்றார். அவர் பைக் தெருமுனை திரும்பிய பிறகுதான் அவள் உள்ளே வந்தாள். தலையைத் துவட்டிவிட்டேன். அந்த ராத்திரி என் பக்கத்தில் படுத்தாள். நான்கு வருஷத்துக்கு அப்புறம்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் தண்ணீருக்கு அடியில் இருந்த பள்ளம் அவருக்குத் தெரியவில்லை. வலது கால் மூன்று இடத்தில் முறிந்தது. இப்போதும் ஒரு விரற்கடை குட்டை. நீங்கள் வந்தபோது பார்த்திருப்பீர்கள், தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாரே. ஆறு மாதம் வீட்டோடு இருந்தார். அந்த ஆறு மாதம் என்னால் ஒரு பக்கம்கூட எழுத முடியவில்லை. வாழ்க்கையில் இப்படிப்பட்ட இடைஞ்சல்கள் வரத்தான் செய்யும். எழுதுகிறவள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கோதண்டராமன் ஜோசியருக்கு அதற்கப்புறம் நல்ல கூட்டம். பாருங்கள், உண்மையான ஜாதகப்படி தாய்க்குத்தான் ஆகாது. எனக்கு ஒரு குறையும் வரவில்லை. இதிலிருந்தே ஜாதகம் பொய் என்று தெரிகிறது.

போன மாதம் அவளுக்கு எட்டு வயது முடிந்தது. அண்ணி துணிப்பையும் புத்தகப்பையும் கட்டிக்கொண்டு கூட்டி வந்தார். அவர் கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. அரசு வாசலைக் கழுவிக் கோலமாவால் என்னவோ கிறுக்கி வைத்திருந்தார். நானும் இரண்டாவது நாவலை ஐம்பதாவது பக்கத்தில் நிறுத்திவிட்டு, மேஜையை ஒதுக்கி அவளுக்குப் படிக்க இடம் பண்ணியிருந்தேன். என் கடமையில் நான் குறை வைக்கவில்லை.

யோகிதா ஷீட் நிழலுக்கு வெளியே நின்றாள். பைகளை வாங்க விடவில்லை. கையில் கிண்ணம். அரசு காலை இழுத்து இழுத்து வருவதைக் கடைசி அடி வரைக்கும் பார்த்தாள். அவர் எண்ணெயில் அவள் முகத்தைப் பார்த்து முடித்ததும், என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அத்த சொல்லுச்சு, எட்டு முடிஞ்சிபோச்சாம்" என்றாள். "ஆனா அன்னிக்கு ஒரே ஒரு நாளு தூங்குனதுக்கே நைனா காலு பூட்ச்சும்மா. நா இன்னும் கொஞ்ச வருசம் அத்த வூட்லயே இருந்துட்டு வரட்டா?"

நான் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. போ என்றும் சொல்லவில்லை. எத்தனை வருஷம் என்று மட்டும் கேட்டேன்.

"நீயே சொல்லும்மா. ஒனக்குத்தான் கம்ப்யூட்டர்ல பாக்கத் தெரியும்."

அவள் முகத்தில் அவ்வளவு நம்பிக்கை. தாயிடம்தான் ஒரு குழந்தை அப்படிக் கேட்கும். நேரம் எப்படிக் கிடைக்கிறது என்று கேட்டீர்கள், பிரபாவதி. இப்படித்தான் கிடைக்கிறது, கேட்காமலே கொடுப்பார்கள். ஐம்பது பக்கம் முடிந்திருக்கிறது, மீதி நானூறு, பிறகு திருத்தம். நியாயமாகப் பார்த்தால் ஐந்து வருஷம் வேண்டும். ஐந்து என்று சொல்லத்தான் இருந்தேன். அவள் உள்ளங்கையிலிருந்து எண்ணெய் வழிந்து முழங்கைக்கு வந்துகொண்டிருந்தது. பெற்ற மனசு, கேட்கவில்லை.

நான்கு என்றேன்.